அன்றைக்குக் குடிக்காத சாமிக்கண்ணு

புதுச்சேரி என்று சொன்னதுமே வெளியூர்க்காரன் கண்ணடிப்பான். கட்டைவிரலை வாய்ப்பக்கம் கவிழ்த்துக் காட்டி, "உங்களுக்கென்ன சார், குடுத்து வெச்சவங்க" என்பான். ஐம்பத்தாறு வருடமாக இதே ஊரில் இருக்கிறேன். இந்தச் சைகையைப் பார்த்தாலே கை ஓங்கத் தோன்றுகிறது. இங்கே பஞ்சாலைகள் ஓடின, எட்டு மணி நேர வேலை கேட்டு ஆட்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள் என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாம், பாட்டில் போதும். எங்கள் தெருத் தையல்நாயகி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் பாட்டிலில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய புருஷனை ஒரு மெஷின் ஒரு முறைதான் கொன்றது. இந்தப் பாட்டில் கதை வாரத்துக்கு நான்கு முறை கொன்றது.

அதில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராஜாங்கம். வாணரப்பேட்டையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, இப்போது பிளெக்ஸ் போர்டு. அந்தச் சுற்றுலா கம்பெனியின் நோட்டீஸை அடித்துக் கொடுத்தவன் நான்தான். இங்கிலீஷ் நோட்டீஸ், வழவழப்பான தாள், இரண்டாயிரம் பிரதி. அடிப்பவன் எதையும் படிப்பதில்லை, எழுத்து ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பான். படித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கு வீரம் பேசலாம். அன்றைக்குப் படிக்கவில்லை.

எங்கள் ஊரின் மூன்று பெரிய மில்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது அவை இல்லை. அவற்றைவிடச் சின்னது, ஊர்க்காரர்கள் வாயில் அதற்குப் பெயரே சின்ன மில். தையல்நாயகி அக்கா வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் சின்ன மில்லில் ரீலிங் பகுதிக்கு வந்தார். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் வேலை. கார்டிங்கில் வேலை பார்த்த சாமிக்கண்ணுவை அங்கேதான் கட்டிக்கொண்டார். கார்டிங் என்றால் பஞ்சைச் சீவி நாராக்கும் இடம். ஆள் உயரத்துக்கு உருளைகள், உருளை முழுக்க ஊசிப்பல். ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது.

சாமிக்கண்ணு குடிப்பார். அதையும் மறைக்கவில்லை. சனிக்கிழமை சாயந்தரம் சாராயக்கடைக்குப் போவார், இரண்டு கிளாஸ் போடுவார், வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடுவார், அக்கா திட்டுவார், தூங்கிவிடுவார். அவ்வளவுதான். அவரைப் புத்தராக்க நான் வரவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி சிப்டுக்குப் போனவருக்கு மாற்று ஆள் வரவில்லை. அடுத்த சிப்டையும் நீயே பார் என்றார் மேஸ்திரி. பதினைந்து மணி நேரம் நின்றிருக்கிறார். உருளைக்குக் கீழே கழிவுப் பஞ்சு அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். நிறுத்தினால் உற்பத்தி குறையும், உற்பத்தி குறைந்தால் மேஸ்திரிக்குத் திட்டு, மேஸ்திரிக்குத் திட்டு விழுந்தால் மறுநாள் தொழிலாளிக்கு வேலை இல்லை. ஆகவே ஓட்டத்திலேயே எடுப்பதுதான் சின்ன மில்லின் வழக்கம். அதற்கு வசதியாக மெஷினின் இரும்பு மூடியை நிர்வாகமே கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தது. சாமிக்கண்ணு கையை விட்டார். மெஷின் தோள் வரைக்கும் இழுத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மில் விசாரித்து ஒரு தாள் எழுதியது. தொழிலாளி மது அருந்தியிருந்தார், தவறு அவருடையது. அக்காவின் மகள் கவிநிலாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அவளிடம், "உங்கப்பா குடிச்சிட்டுத்தான செத்தாரு?" என்று கேட்டிருக்கிறது. அன்றைக்குப் பிடித்தது அக்காவுக்குக் கோபம். சிப்டு முடித்த கையோடு தொழிலாளர் கோர்ட்டுக்கு நடந்தார். நான்கு வருடம் நடந்தார். அங்கே அவர் வைத்த கேள்வி ஒன்றுதான். காலையில் மில் கேட்டுக்குள் போன மனுஷன் பதினைந்து மணி நேரம் வெளியே வரவில்லை, அதற்குக் கேட்டுப் புத்தகமே சாட்சி. அப்படியென்றால் எந்தச் சாராயக்கடை உள்ளே வந்து அவருக்கு ஊற்றிவிட்டுப் போனது?  குடித்ததற்கு ஆதாரமே இல்லை, மூடி இல்லாத மெஷினை ஓட்டியதுதான் காரணம் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் நகலை அக்கா ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

மில்லை மூடியது பிறகு. கதவில் பூட்டுத் தொங்கியது, சுவரில் ஆலஞ்செடி முளைத்தது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கினார், ஒரு ஓட்டலில் மாவரைத்தார். போன வருடம் சுற்றுலா கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மில்லைக் குத்தகைக்கு எடுத்து, சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் விளக்குப் போட்டார்கள். சனி ஞாயிறுகளில் காலையும் மாலையும் சுற்றிக் காட்டுவார்கள். டிக்கெட்டுக்குப் பதிலாகப் பித்தளை டோக்கன் கொடுப்பார்கள், வருகிறவர்கள் அதைத் தொழிலாளி மாதிரி பலகையில் மாட்ட வேண்டும். ஒலிபெருக்கியில் சங்கு ஊதும். சங்கு ஊதினால் அந்தக் காலத்தில் ஜனங்கள் விழுந்தடித்து ஓடினார்கள், ஒரு நிமிடம் தாமதித்தால் கேட்டை மூடிவிடுவான். இவர்கள் சங்கு ஊதினால் செல்ஃபி எடுக்கிறார்கள்.

பழைய தொழிலாளி ஒருவர் உயிரோடு உட்கார்ந்திருந்தால் அழகாக இருக்கும் என்று கம்பெனிக்குத் தோன்றியிருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டார்கள். ரீலிங் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். அறுந்த நூலை ஒரு நொடியில் முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும், யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அக்கா தமிழில் சொல்வதை வழிகாட்டி செல்வகுமார் இங்கிலீஷில் சொல்வான். முப்பது வயது, எம்.ஏ. வரலாறு, கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. கெட்டவன் இல்லை. கம்பெனி எழுதிக் கொடுத்ததைக் கிளி மாதிரி ஒப்பிப்பான், அவ்வளவுதான் அவன் வரலாறு.

எட்டு மாதம் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், டெல்லிக்காரர்கள் வருவார்கள். முதலில் கார்டிங் பகுதியில் கும்பலாக நின்று செல்வகுமார் பேசுவதைக் கேட்பார்கள், பிறகு அக்காவிடம் வருவார்கள். அவன் பேசும் இங்கிலீஷில் புருஷன் பெயர் ஒன்றுதான் அக்காவுக்கு விளங்கும், செத்தவரை மரியாதையாகச் சொல்கிறான் என்று நினைத்திருந்தார். வரும்போது முகம் ஒரு மாதிரி இருக்கும். சிலர் அவருடைய தோளைத் தொடுவார்கள். ஒரு பிரெஞ்சுக்காரம்மா கட்டிப்பிடித்துக் கண் கலங்கினாராம். "எம் முடிச்சப் பாத்து அந்த மாதாமுக்கு அழுவையே வந்துட்டுது தம்பி" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார் அக்கா. 

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை முதல் தடவையாக ஒரு தமிழ்க் கூட்டம் வந்தது, திண்டிவனத்திலிருந்து. வங்கி ஊழியர்கள், குடும்பத்தோடு. வழக்கமாகச் செல்வகுமார் கார்டிங் மெஷின் பக்கம் நின்று உரக்கப் பேசுவான். அன்றைக்கு மட்டும் கும்பலைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகையின் மறுகோடியில் நிறுத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். அக்காவின் காதுக்கு ஒரு எழுத்து வந்து சேரவில்லை.

அவன் வரலாறு எம்.ஏ.வாக இருக்கலாம், மில் தெரியாது. முப்பது வருடம் மெஷின் சத்தத்தில் வேலை பார்த்தவர்கள் காதால் பேசிக்கொண்டதில்லை. எதிர் வரிசையில் நிற்பவள் "பிள்ளைக்கு ஜுரம்" என்றால் உதட்டைப் பார்த்தே பதில் சொல்வார்கள். மேஸ்திரியைத் திட்டுவதும், சம்பளத்தைப் பேசுவதும், யூனியன் கூட்டத்துக்கு நேரம் குறிப்பதும் உதட்டில்தான். சின்ன மில்லில் ரகசியம் பேசுகிறவன் வாயைப் பொத்திக்கொள்வான். குரலைத் தாழ்த்துவது வெளியாள் வேலை.

அக்கா நாற்காலியில் இருந்தபடியே அறுபதடி தூரத்தில் அவன் உதட்டைப் படித்தார். சாமிக்கண்ணு என்று ஒரு தொழிலாளி. பாண்டிச்சேரி இல்லையா, மூக்கு முட்டக் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான். இதோ இந்த மெஷினில்தான் மாட்டிக்கொண்டான். இப்போதும் சில நாள் இந்தப் பக்கம் சாராய வாடை வரும். கூட்டம் சிரித்தது. பிறகு செல்வகுமார் கண்ணாலேயே இந்தப் பக்கம் காட்டி உதட்டைச் சின்னதாக அசைத்தான். அங்கே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்தான் சம்சாரம்.

கூட்டம் அக்காவிடம் வந்தது. ஒரு பெண் அவருடைய தோளைத் தொட்டாள். அந்தத் தொடுதலில்தான் எட்டு மாதமும் அக்காவுக்கு ஒரே நொடியில் விளங்கியது. அழுத பிரெஞ்சுக்காரம்மா எதற்காக அழுதார் என்பதும் விளங்கியது. முடிச்சுப் போடாமல் நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, நேராக என் அச்சகத்துக்கு வந்தார்.

"ராஜாங்கம், அந்த நோட்டீஸு நீதான அடிச்ச? எடு. படி."

எடுத்தேன், படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. குடிபோதைத் தொழிலாளியின் ஆவி. நான் அடித்த எழுத்து, என் மெஷினில் விழுந்த மை. தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அக்கா, நான் படிக்காம அடிச்சுட்டேன்."

"நீ படிக்கல, எனுக்குப் படிக்கத் தெரியாது. நல்ல ஊருடா இது" என்றார்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் கம்பெனி ஆபீஸுக்குப் போனோம். நடத்துகிறவர் இனியா என்கிற பெண். கைத்தறிப் புடவை, சின்னக் குரல், உட்காருங்கள் அம்மா, காபி சாப்பிடுங்கள் அம்மா. அக்கா காபியைத் தொடவில்லை. தீர்ப்பு நகலை மேஜையில் விரித்தார். இனியா அதைப் புரட்டிப் பார்த்தார். பழைய மில் ஆபீஸில் கிடந்த கோப்பில் விசாரணைத் தாள் கிடைத்ததாம், அதை வைத்துத்தான் எழுதினார்களாம். தீர்ப்பு இருப்பது தெரியாதாம். பொய் மட்டும் எப்படித்தான் இவர்கள் கைக்கு முதலில் கிடைக்கிறதோ!

"இப்பத்தான் தெரிஞ்சுதே மேடம், மாத்திடுங்க" என்றேன்.

"உங்க ஃபீலிங்ஸ் எனக்குப் புரியுதும்மா. ஆனா ரிவ்யூ எழுதுறவங்க எல்லாருமே அந்த ஸ்பாட்டைத்தான் எழுதுறாங்க. ஒண்ணு செய்யலாம். உங்க ஹஸ்பெண்ட் பேரை எடுத்துடறோம். 'ஒரு தொழிலாளி'ன்னு மட்டும் சொல்லட்டும். உங்களையும் காட்ட மாட்டாங்க. ஓகேவா?"

நான் கூட, பரவாயில்லையே, பெயராவது போகட்டுமே என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அக்கா நினைக்கவில்லை.

"பேர எடுத்துட்டா? அப்ப அந்த மில்லுல வேல செஞ்ச அத்தினி பேரும் குடிகாரனுங்கன்னு ஆயிடும். எம் புருசன் ஒருத்தர விட்டுட்டு எல்லாரையும் புடிச்சுக் குடுக்கச் சொல்றியா? சனிக்கெழம குடிச்சாரு, நானே சொல்றேன். அன்னிக்குக் குடிக்கல. அத எந்த வாய் சொல்லுச்சோ அந்த வாயே மாத்திச் சொல்லணும். அவ்ளோதான் கேக்கறேன்."

பார்க்கலாம் அம்மா என்றார் இனியா. பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், இது எல்லா ஆபீஸ்களிலும் ஒன்றுதான்.

நான் கொதித்துப்போய், மறுப்பு நோட்டீஸ் அடிக்கிறேன், ஊர் முழுக்க ஒட்டுகிறேன் என்று குதித்தேன். அக்கா வேண்டாம் என்றார். "காயிதத்துலதான கெடுத்தாங்க, இன்னொரு காயிதம் எதுக்கு? அந்த வாயே சொல்லணும்" என்றார். சனிக்கிழமை எதுவும் நடக்காதது போல வேலைக்குப் போனார், நாற்காலியில் உட்கார்ந்தார், முடிச்சுப் போட்டார். செல்வகுமார் இங்கிலீஷில் அதே கதையைச் சொன்னான். ஆவியும் இருந்தது, பெயரும் இருந்தது. சாயந்தரம் மறுபடி அச்சகத்துக்கு வந்தார்.

"குடிச்சிருந்தான்றதுக்கு இங்கிலீசுல என்னா?"

சொன்னேன். டிரங்க்.

"மொள்ளச் சொல்லு. என்னைப் பாத்துச் சொல்லு."

என் வாயையே முறைத்துப் பார்த்தார். மறுபடி என்றார், மறுபடி என்றார். இருபது தடவை சொல்லியிருப்பேன். கல்யாணப் பத்திரிகை வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, நடுவயது ஆசாமி ஒருவன் ஒரு அம்மாளைப் பார்த்து டிரங்க் டிரங்க் என்று சொல்வதைக் கேட்டுவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார். அப்புறம் இல்லை என்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்டார். நாட். அதையும் இருபது தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சுற்றுக்கு நானும் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு கும்பலோடு போனேன். பதினைந்து பேர். பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள், மீதி பெங்களூர். இனியாவும் பின்னால் வந்தார். எங்கள் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். கார்டிங்கில் ஆவிக் கதைக்குக் கும்பல் சிரித்து முடித்ததும், அக்காவிடம் வந்தோம். முடிச்சைப் பார்த்துக் கை தட்டினார்கள். கேள்வி நேரம். ஒரு பெங்களூர்ப் பெண், இந்த மில்லில் உங்களுக்கு மறக்க முடியாதது எது என்று இங்கிலீஷில் கேட்டாள். செல்வகுமார் அதைத் தமிழில் சொன்னான். அக்கா எழுந்து நின்றார்.

"எம் புருசன் சாமிக்கண்ணு. அந்தக் கார்டிங்ல வேல செஞ்சாரு."

அவன் இங்கிலீஷில் சொன்னான்.

"மாத்தாளு வரல. பதினஞ்சு மணி நேரம் நிக்க வெச்சாங்க. மெஷினுக்கு மூடி இல்ல. நிர்வாகம் கழட்டிப் போட்டுது."

அவன் கொஞ்சம் தயங்கினான். ஆனாலும் சொன்னான், சரியாகவே சொன்னான்.

"அவரு அன்னிக்குக் குடிக்கல. கோர்ட்டே அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிச்சு. இந்தத் தம்பி உங்ககிட்ட இப்ப சொன்னது பொய்."

செல்வகுமார் வாயை மூடிக்கொண்டான். அவன் பார்வை எங்கள் தலைக்கு மேல் போயிற்று. நான் திரும்பிப் பார்த்தேன். இனியா தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தார். செல்வகுமார், தன் கணவர் மிகவும் அன்பானவர், அவரை நினைக்காத நாளில்லை என்று இவர் சொல்கிறார் என்றான், நல்ல இங்கிலீஷில். கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

 நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டார்.

"அந்த வார்த்த வரல."

"எந்த வார்த்தைம்மா?" என்றான் செல்வகுமார்.

"நான் சொன்ன வார்த்த. அதச் சொன்னா நாக்கு மேல ஒட்டணும், ஒதடு குவியணும், கடசில வாயி தொறந்தே நிக்கணும். அங்க மெஷினாண்ட நின்னு சொன்னப்ப வந்துச்சு, ரெண்டு வாட்டி வந்துச்சு. இப்ப வரல. அதுக்கு முன்னால நாட்டுன்னும் வரணும். வரல. திருப்பிச் சொல்லு."

 அறுபதடி தூரத்தில் குரலைத் தாழ்த்தியதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். அக்கா அவனைத் திட்டவில்லை, அழவில்லை. அவன் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ சரியில்லை என்பது மட்டும் புரிந்தது. ஒரு வயதான பிரெஞ்சுக்காரர், அந்த அம்மா உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டார். இனியா முன்னால் வந்து, நேரமாகிறது, அடுத்த பகுதிக்குப் போகலாம் என்றார். ஒருவரும் நகரவில்லை.

செல்வகுமார் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் சொன்னான். அவர் குடித்திருக்கவில்லை. நான் உங்களிடம் சொன்னது பொய். கோர்ட்டும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அக்கா அவன் உதட்டில் அந்த இரண்டு வார்த்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெங்களூர்ப் பெண், அப்படியானால் இவ்வளவு நேரம் எதற்காக எங்களைச் சிரிக்க வைத்தீர்கள் என்று கேட்டாள். 

மறுநாளே அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செல்வகுமாரை ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். புதிய வழிகாட்டி வந்தாயிற்று. ஆவிக் கதை போய்விட்டது. அதோடு சாமிக்கண்ணுவும் போய்விட்டார். கார்டிங் பக்கமே இப்போது யாரையும் அழைத்துப் போவதில்லை, குறுக்கே கயிறு கட்டியாயிற்று. பொய் சொல்வதற்கு அந்த இடம் வேண்டியிருந்தது, உண்மை வந்ததும் அந்த இடமே வேண்டாம் என்றாகிவிட்டது. இப்படியும் ஒரு மரியாதை!

அதற்கு அடுத்த புதன்கிழமை என் போனுக்குக் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. கயிற்றில் தொங்கவிட ஒரு போர்டு, தமிழிலும் இங்கிலீஷிலும். வெட்கமில்லாமல் என்னிடமே அனுப்பியிருந்தார்கள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். படித்துவிட்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"இத நான் அடிக்க மாட்டேன் அக்கா. வேற எவனாவது அடிச்சுக் குடுக்கட்டும்."

"என்னா எழுதியிருக்கான்? படி."

படித்தேன். "ஆபத்து. பாதுகாப்புக் கருதி, மூடி இல்லாத இந்த இயந்திரத்தின் அருகில் யாரும் செல்லக் கூடாது. கையை உள்ளே விடக் கூடாது."

அக்கா கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். முதல் தடவை நான் வேகமாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து நிதானமாகப் படித்தேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அடி" என்றார்.

"அக்கா..."

"அடிடா. இருவத்தாறு வருசத்துல அந்த மெஷினப் பத்தி அவனுங்க எழுதுன மொத நெசம் இதுதான். பெரிய எழுத்தா அடி."